பாலத்தின் மேல் போர்த்திய துணி

டெட்ராய்ட் நகரின் கிழக்குப் பகுதியில், ஈஸ்ட் கிராண்ட் புலவார்டு என்னும் அகன்ற சாலையின் குறுக்கே ஒரு பாலம் இருந்தது. பேக்கார்ட் மோட்டார் கம்பெனியின் ஆலை அந்தச் சாலையின் இருபுறமும் பரவியிருந்ததால், ஒருபுறத்தில் பாதி முடிந்த வண்டிகள் மறுபுறத்துக்குப் போய்ச் சேர்வதற்காகச் சாலைக்கு மேலே, மாடியோடு மாடியை இணைத்து அதைக் கட்டியிருந்தார்கள். ஆலை ஓய்ந்து அறுபது ஆண்டுகள் ஆன பிறகு, 2015இல், அப்போதைய உரிமையாளர் அந்தப் பாலத்தைச் சுற்றி ஒரு பெரிய துணியைப் போர்த்தினார். பாலம் தன் நல்ல காலத்தில் எப்படி இருந்ததோ அதே தோற்றம், சாளர வரிசையும் பேக்கார்ட் என்ற பெயருமாக, அந்தத் துணியில் அச்சிடப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து வண்டியில் வந்தபோது, யாரோ உண்மையிலேயே பழுதுபார்த்துவிட்டார்கள் என்று ஒரு கணம் நம்பி மனம் பூரித்தேன். அருகில் வந்ததும் காற்றில் துணி உப்பி அடங்குவது தெரிந்தது. 2019 ஜனவரியில் அந்தப் பாலம் சாலையில் இடிந்து விழுந்தது. நல்லவேளையாக அந்த நேரத்தில் கீழே யாரும் இல்லை.

கைவிடப்பட்ட மோட்டார் ஆலைகளைக் கட்டடக்கலை மரபாகப் பாதுகாப்பது பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் துணிதான். துணிக்கும் அதன் அடியில் இருந்த உத்தரங்களுக்கும் இடையிலான தூரத்தைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன்.

நான் கட்டுமானப் பொறியாளன். சென்னையில் வேலை தொடங்கி, பிறகு மிச்சிகனுக்கு வந்து, டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகர் ஒன்றில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் நிறுவனங்களிலோ அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் நிறுவனங்களிலோ வேலை பார்க்கிறவர்கள். ஆனாலும், அந்தத் தொழில் பிறந்து வளர்ந்த கட்டடங்களைப் போய்ப் பார்த்தவர்கள் எங்களில் மிகக் குறைவு. நகரின் கிழக்குப் பகுதிக்குப் போகாதே என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் அறிவுரை. நானும் 2011 குளிர்காலத்தில்தான், வந்து நெடுநாள் கழித்து, முதன்முறையாக அங்கே போனேன். பனி மூடிய சாலையின் இருபுறமும் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சாத சாளரங்களுடன் நான்கு மாடிக் காங்கிரீட் சட்டகங்கள் நீண்டுகொண்டே போயின. பாலத்தின் மேல், பிற்காலத்தில் அந்த வளாகத்துக்கு வைக்கப்பட்ட ‘மோட்டார் சிட்டி இண்டஸ்ட்ரியல் பார்க்’ என்ற பெயரின் எழுத்துகள் பல் விழுந்த வாய்போல் இடைவெளிகளோடு தொங்கின. மொத்தத் தளப்பரப்பு ஏறத்தாழ 35 லட்சம் சதுர அடி. அந்த எண்ணைப் படிப்பது வேறு, அதன் ஓரமாக நடப்பது வேறு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து முடிப்பதற்குள் காலணிக்குள் விரல்கள் மரத்துவிட்டன.

இந்த ஆலைக்கு ஏன் மரபுமதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. அரண்மனையோ கோவிலோ அல்லாத, வேலை முடிந்ததும் வீசியெறிவதற்கென்றே கட்டப்பட்டது போன்ற ஒரு தொழிற்கூடத்தில் பாதுகாக்க என்ன இருக்கிறது என்பது நியாயமான கேள்வியே. அதற்குப் பதில் ஆலையின் பத்தாம் எண் கட்டடத்தில் இருந்தது.

பேக்கார்ட் கம்பெனி ஒஹையோ மாநிலத்தின் வாரன் நகரிலிருந்து 1903இல் டெட்ராய்ட்டுக்கு வந்தது. ஆலையை வடிவமைக்கும் பொறுப்பு ஆல்பர்ட் கான் என்ற இளம் கட்டடக் கலைஞரிடம் வந்தது. 1869இல் ஜெர்மனியில் ஒரு யூத மதகுருவின் மூத்த மகனாகப் பிறந்து, சிறுவனாகக் குடும்பத்தோடு டெட்ராய்ட்டுக்குக் குடியேறி, கட்டடக்கலையைக் கல்லூரியில் படிக்காமல் அலுவலகத்தில் எடுபிடியாக நுழைந்து கற்றுக்கொண்டவர் அவர். பேக்கார்டுக்கு அவர் கட்டிய முதல் ஒன்பது கட்டடங்கள் அன்றைய வழக்கப்படி மரத்தளங்களைக் கொண்டவை. பஞ்சாலைகளிலிருந்து வந்த வழக்கம் அது. தூண்கள் நெருக்கமாக நிற்கும். எந்திரங்களின் அதிர்வில் தளம் நடுங்கும். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் குடித்த மரத்தில் ஒரு பொறி விழுந்தால் ஆலையே எரியும். 1905இல் எழுந்த பத்தாம் கட்டடத்தில் அவர் மரத்தைக் கைவிட்டார். டெட்ராய்ட்டில், உள்ளே இரும்புக் கம்பி வைத்து வலுவூட்டிய காங்கிரீட்டில் எழுந்த முதல் மோட்டார் ஆலைக் கட்டடம் அதுதான்.

அதன் உள்ளே இருந்த கம்பிக்கும் ஒரு கதை உண்டு. ஆல்பர்ட்டின் தம்பி ஜூலியஸ் கான் பொறியாளர். காங்கிரீட் உத்தரம் ஒன்று தூணோடு சேரும் இடத்துக்கு அருகில் பாரம் கூடும்போது சாய்வாக வெடிப்பு விடும் என்பது நாங்கள் எல்லோரும் இரண்டாம் ஆண்டில் படிக்கிற பாடம். இன்று அதைத் தடுக்க, நம் ஊர்க் கம்பி கட்டுபவர்கள் ‘ரிங்’ என்று சொல்லும் சுற்றுக் கம்பிகளைக் கட்டுகிறோம். 1903ஆம் ஆண்டு வாக்கில் இந்தப் புரிதல் எங்கும் நிலைபெற்றிருக்கவில்லை. ஜூலியஸ் இரண்டு ஓரங்களிலும் சிறகுபோன்ற பட்டைகள் கொண்ட ஒரு கம்பியை உருட்டச் செய்து, அந்தப் பட்டைகளைத் துண்டுதுண்டாக வெட்டி, 45 பாகைக் கோணத்தில் மேல்நோக்கி வளைத்தார். பார்ப்பதற்கு மீன்முள் போலிருக்கும். அந்த முட்கள் சாய்வான வெடிப்பைக் குறுக்கே தைத்துப் பிடித்துக்கொள்ளும். தனியாகக் கட்ட வேண்டிய கம்பிகள் இல்லாததால் வேலையும் விரைந்து முடியும். கம்பியும் அதை விற்ற நிறுவனமும் தம்பியுடையவை, அதை வைத்துக் கட்டடம் எழுப்பிய கை அண்ணனுடையது.

இதன் விளைவு தொழிலாளியின் மேசைமேல் விழுந்தது. பாரத்தைச் சட்டகமே தாங்கிக்கொண்டதால் சுவருக்கு வேலை இல்லாமற் போயிற்று. சுவர் இருந்த இடமெல்லாம் சாளரம் ஆயிற்று. தூண்கள் விலகின. நடுக்கூடம்வரை பகல் வெளிச்சம் வந்தது. மின்விளக்கு மங்கலாகவும் செலவு மிக்கதாகவும் இருந்த காலத்தில், நுண்ணிய பாகங்களைக் கண்ணால் அளந்து பொருத்தியவர்களுக்கு அந்த வெளிச்சம் எவ்வளவு பெரிய கொடை என்பதை எந்திரக்கூடத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். பேக்கார்டில் கற்றதை வைத்துக்கொண்டு ஆல்பர்ட் கான் ஹென்றி ஃபோர்டுக்காக ஹைலேண்ட் பார்க் ஆலையைக் கட்டினார். 1910இல் திறந்த அந்த ஆலையில்தான் 1913இல் நகரும் பொருத்துவரிசை (அசெம்ப்ளி லைன்) ஓடத் தொடங்கியது. பிறகு ரிவர் ரூஜ் ஆலை, பிறகு சோவியத் ஒன்றியத்தில் ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலை தொடங்கி நூற்றுக்கணக்கான ஆலைகள் என்று அந்த முறை உலகெங்கும் பரவியது. இன்று உலகின் எந்தத் தொழிற்பேட்டையிலும் நாம் பார்க்கும் தூணும் தளமும் வரிசைச் சாளரமுமான பல மாடித் தொழிற்கூடத்துக்கு அந்தப் பத்தாம் கட்டடம் நெருங்கிய மூதாதை.

இன்னொரு காரணமும் உண்டு. அது பெருமைக்குரியதன்று. இரண்டாம் உலகப் போரில் இந்த நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சின்களை உரிமம் பெற்று 55,000க்கும் மேல் செய்து கொடுத்தது. மஸ்டாங் போர்விமானங்களைச் சுமந்தவை அவை. அதே போர்க்காலத்தில், 1943 ஜூனில், கறுப்பினத் தொழிலாளர் மூவருக்குப் பதவி உயர்வு கொடுத்ததை எதிர்த்து வெள்ளையினத் தொழிலாளர் ஏறத்தாழ 25,000 பேர் இங்கே வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். சில வாரங்களில் நகரில் பெரும் இனக்கலவரம் மூண்டது. எஞ்சின்கள் ஏறிய அதே மாடிகளில்தான், பக்கத்தில் நின்று வேலை செய்ய மாட்டோம் என்று சொன்னவர்களும் நின்றார்கள். ஒரு கட்டடம் நிற்கிறவரை இந்த இரண்டையும் ஒரே இடத்தில் நின்று சொல்ல முடியும். கட்டடம் போன பிறகு, எது சொல்ல வசதியாக இருக்கிறதோ அது மட்டும் நிற்கும்.

1954இல் பேக்கார்ட் தன் வண்டி உற்பத்தியை நகரின் வேறோர் ஆலைக்கு மாற்றியது. 1956இல் டெட்ராய்ட்டில் கடைசி பேக்கார்ட் வண்டி செய்யப்பட்டது. அதன்பின் கிராண்ட் புலவார்டு வளாகம் உடனே பாழாகிவிடவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பல பத்தாண்டுகள் சிறு நிறுவனங்கள் அதில் வாடகைக்கு இருந்தன. கிடங்குகளும் பட்டறைகளும் இயங்கின. 1990களில் இளைஞர்கள் இரவெல்லாம் டெக்னோ இசை நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். கடைசி வாடகைதாரரான ஒரு வேதிப்பொருள் நிறுவனம் 2010வரை அங்கே இருந்தது. ஆள் இருந்தவரை கூரையையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் அம்பத்தூரில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் கல்லூரி முடித்து முதல் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, பழைய தொழிற்கூடம் ஒன்றின் மராமத்துப் பணி. தூண்களின் வலிமையைக் கணக்கிட்டு ஒரு பெரிய அறிக்கை எழுதிக்கொண்டிருந்த என்னை அவர் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். மூலையில் மழைநீர் இறங்கும் குழாய்வாயில் இலையும் சாம்பலும் ஒரு செத்த காகமும் அடைத்துக்கொண்டிருந்தன. “தம்பி, இத எடுத்துட்டு, இந்தப் பக்கம் வாட்டம் சரி பண்ணிட்டா, நீங்க எழுதறதுல பாதி தேவைப்படாது” என்றார். கட்டடத்தைப் பற்றி நான் கேட்டவற்றில் அதைவிட உண்மையான சொல் இன்றுவரை இல்லை.

பேக்கார்டில் நடந்தது அதுதான். தட்டைக் கூரையில் விழும் மழையும் உருகும் பனியும் கட்டடத்துக்குள்ளேயே இறங்கும் குழாய்கள் வழியாக வெளியேற வேண்டும். ஆளற்ற கட்டடத்தில் பழைய உலோகம் திருடுபவர்கள் முதலில் செம்புக் கம்பிகளை உருவினார்கள், பிறகு குழாய்களைக் கழற்றினார்கள், பிறகு சாளரச் சட்டங்களைப் பெயர்த்தார்கள். வழியற்ற நீர் கூரையில் குளமாக நின்றது. நின்ற நீர் மெல்லிய வெடிப்புகளில் இறங்கியது. மிச்சிகன் குளிரில் அது உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிகிறது. வெடிப்பு அகல்கிறது, மறுநாள் வெயிலில் உருகிய நீர் இன்னும் ஆழம் போகிறது, இரவில் மீண்டும் உறைகிறது. ஒரே குளிர்காலத்தில் இது எத்தனையோ முறை நடக்கும். கம்பியைத் தொட்டதும் துரு தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த வீக்கம் காங்கிரீட்டை உள்ளிருந்து பெயர்த்துத் தள்ளுகிறது. கூரையில் மண் சேர்ந்து மரங்களே முளைத்திருந்ததைச் சாலையிலிருந்து பார்க்க முடிந்தது. இவ்வளவும் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் உலகம் முழுவதிலுமிருந்து புகைப்படக்காரர்கள் அந்த இடிபாட்டின் அழகைத் தேடி வந்தார்கள். அவர்கள் எடுத்த படங்கள் சிறந்தவை, ஐயமில்லை. ஆனால் அந்த ஆலை உலகப் புகழ் பெற்ற காலமும் அது மீட்க முடியாததாக மாறிய காலமும் ஒன்றே என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

2013இல் வரிபாக்கிக்கான ஏலத்தில் அந்த வளாகம் 4,05,000 டாலருக்கு விற்றது. அன்று எங்கள் புறநகரில் ஒரு நல்ல வீட்டின் விலை அது. வாங்கியவர் வெளிநாட்டில் பழைய கட்டடங்களைப் புதுப்பித்த அனுபவம் உள்ளவர். அலுவலகங்கள், கலைக்கூடங்கள், குடியிருப்புகள் என்று பெரிய திட்டங்களை அறிவித்தார். அவருடைய எண்ணத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால் 35 லட்சம் சதுர அடியை ஒரு தனி மனிதரின் கனவாகத் தாங்க முடியாது. முதலில் செய்திருக்க வேண்டியது, காப்பாற்றக்கூடிய ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து, அதன் கூரைக்கு நீர் புகாத உறையும் நீருக்கு ஒரு வழியும் கொடுப்பது. செய்தது, பாலத்துக்குத் துணி.

அந்த ஆலைக்கு அருகில் வாழ்ந்தவர்களின் பக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பாலம் விழுந்த சில வாரங்களுக்குப் பிறகு நான் அங்கே போயிருந்தபோது, எதிர்த்தெருவில் தன் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, “நீங்களும் படமெடுக்க வந்தீர்களா?” என்று கேட்டார். பொறியாளன், கட்டடத்தைப் பார்க்க வந்தேன் என்றேன். முப்பது ஆண்டுகளாக இந்தச் சாளரங்களைப் பார்த்துக்கொண்டுதான் எழுகிறேன் என்றும், அங்கே தீப்பிடிக்காத கோடைக்காலம் இல்லை என்றும், ஊரில் உள்ளவர்களெல்லாம் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம் அது என்றும், பேரப்பிள்ளைகளை வெளியே விளையாட விட்டதில்லை என்றும் சொன்னார். அவரிடம் மரபுமதிப்பைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மரபாகவும் அங்கேயே வாழ்கிறவர்களுக்கு ஆபத்தாகவும் ஒரு கட்டடத்தை முப்பது ஆண்டுகள் விட்டுவைத்தால், அதை இடிக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. 2022இல் நீதிமன்றம் இடிக்க ஆணையிட்டது. அந்த ஆண்டின் செப்டம்பரில் நகராட்சி வேலையைத் தொடங்கி, 2024 இறுதியில் முடித்தது. சாலையை ஒட்டிய ஒரு சிறு பகுதியை மட்டும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அதே நகரத்தில், காரில் பத்து நிமிடத் தொலைவில், இதற்கு நேர்மாறான ஒரு கட்டடம் நிற்கிறது. பிக்கெட் அவென்யூவில் உள்ள ஃபோர்டின் பழைய ஆலை. 1904இல் கட்டப்பட்ட அது கானின் காங்கிரீட் புரட்சிக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்தது. செங்கல் சுவர், மரத்தூண், மரத்தளம் என்று அச்சு அசலாகப் பஞ்சாலையின் வடிவம். 402 அடி நீளம், 56 அடி அகலம், மூன்று தளங்கள், 355 சாளரங்கள். அகலம் ஏன் இவ்வளவு குறுகல் என்றால், இரண்டு பக்கச் சாளரங்களின் வெளிச்சமும் நடுவில் வந்து சந்திக்க வேண்டும். தீக்குப் பயந்து, நீளவாக்கில் மூன்று இடங்களில் தடிமனான தீத்தடுப்புச் சுவர்களை எழுப்பிக் கட்டடத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இதன் மூன்றாம் தளத்தில், ஒரு மூலையை மறைத்துத் தடுத்த சிறு அறையில்தான் ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல் டி கார் உருவானது. 1908 செப்டம்பரில் முதல் வண்டி இங்கிருந்து வெளிவந்தது. ஏறத்தாழ 12,000 வண்டிகள் ஆன பிறகு ஃபோர்டு ஹைலேண்ட் பார்க்குக்கு மாறிவிட, 1911இல் ஸ்டூடிபேக்கர் என்ற இன்னொரு மோட்டார் நிறுவனம் இதை வாங்கியது.

இதைக் காப்பாற்றியது புகழன்று. மாடல் டி பிறந்த இடம் என்று பல பத்தாண்டுகளாகப் பெரிதாக யாரும் இதைப் பேசவில்லை. ஸ்டூடிபேக்கருக்குப் பிறகு வேறு நிறுவனங்கள், பிறகு தொழிலாளர் சீருடைகளை வழங்கும் ஒரு நிறுவனம் என்று கட்டடம் எப்போதும் யாருக்கோ பயன்பட்டுக்கொண்டிருந்தது. துணி அடுக்கி வைத்திருப்பவர் கூரை ஒழுக விடமாட்டார். 2000ஆம் ஆண்டில் ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு லாபநோக்கற்ற அமைப்பாக இதை வாங்கியபோது அவர்களிடம் பெரும்பணம் இல்லை. ஆனால் வாங்கிய கட்டடத்தின் எலும்பு நன்றாக இருந்தது. மறு ஆண்டே அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2005இல் பக்கத்தில் இருந்த பழைய ஸ்டூடிபேக்கர் கட்டடம் எரிந்து அழிந்தபோது இது தப்பியது. 2006இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று.

அங்கே நான் பலமுறை போயிருக்கிறேன். விருந்தினர் யார் வந்தாலும் நயாகராவுக்கு முன் அங்கே அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. எல்லோரும் மெருகேற்றிய வண்டிகளைப் பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். மேப்பிள் மரப்பலகைகளில் எண்ணெய் ஊறிக் கறுத்த திட்டுகள் இருக்கின்றன. எந்திரங்களைப் பிணைத்திருந்த ஆணித்துளைகள் வரிசையாக இருக்கின்றன. சில இடங்களில் பலகை குழிந்திருக்கிறது. ஒரே இடத்தில் ஒருவர் நாள்முழுவதும் நின்றால் மரம் அப்படித்தான் தேயும். என் தாயார் வந்திருந்தபோது அந்தக் குழிவில் தன் காலை வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மிக்கல்லு தேய்ஞ்ச மாதிரி இருக்குடா” என்றார். தூண்களில் பழைய வண்ணங்கள் அடுக்கடுக்காக உரிந்து நிற்பதையும் அவர்கள் புதிதாகப் பூசி மறைக்கவில்லை. பழுதுபார்த்தலுக்கும் புதுசாக்கலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். நீர் வரும் வழியை அடைத்தார்கள், காலம் விட்டுச்சென்ற அடையாளத்தில் கை வைக்கவில்லை.

இவ்வளவு பெரிய ஆலைகள் எல்லாவற்றையும் அருங்காட்சியகம் ஆக்க முடியாது என்பது உண்மை. பிக்கெட்டின் அளவு சிறியது, அதனால் முடிந்தது. பெரிய ஆலைக்கு இத்தாலியின் டூரின் நகரில் உள்ள ஃபியட்டின் லிங்கோட்டோ ஆலையே நல்ல எடுத்துக்காட்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தம் டூரினுக்குப் போனபோது ஒரு முழு நாளை அங்கே கழித்தேன். ஜாக்கொமோ மத்தே ட்ரூக்கோ என்ற பொறியாளரின் வடிவமைப்பில் 1916இல் தொடங்கி 1923இல் திறந்தார்கள். அமெரிக்க ஆலைகளைப் பார்த்துக் கற்றுக் கட்டியதுதான், ஆனால் ஓட்டம் தலைகீழ். ஹைலேண்ட் பார்க்கில் மூலப்பொருள் மேல்மாடிக்கு ஏறிப் பாகங்களாகிக் கீழே இறங்கி வரும். லிங்கோட்டோவில் கீழே நுழையும் பொருள் மாடிமாடியாக மேலேறி, ஐந்தாவது தளத்துக்கு மேலே முழு வண்டியாக மொட்டைமாடியில் வெளிப்பட்டு, அங்கே இருக்கும் சோதனை ஓட்டப்பாதையில் ஓடும். அந்தப் பாதையின் சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வளைவுகளில் அது சுவர்போல் சாய்ந்து எழுகிறது. கட்டடத்தின் உள்ளே சுருள் சாய்தளத்தில் ஏறும்போது அண்ணாந்து பார்த்தால், காங்கிரீட் விலா எலும்புகள் நடுவிலிருந்து விசிறிபோல் விரிந்து மேலே மேலே சுழல்கின்றன. கட்டுமானப் பொறியாளன் ஒருவன் கைகூப்பக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று.

1982இல் ஆலை மூடியது. அடுத்த ஆண்டுகளிலேயே நிறுவனமும் நகரமும் சேர்ந்து, இதை என்ன செய்யலாம் என்று உலகின் பெயர்பெற்ற இருபது கட்டடக் கலைஞர்களிடம் யோசனை கேட்டார்கள். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோவிடம் பணி போய்ச் சேர்ந்தது. கண்காட்சிக் கூடம், இசையரங்கு, விடுதி, கடைகள், கல்லூரி வகுப்பறைகள், 2002இல் ஒரு கலைக்கூடம் என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் படிப்படியாக ஆலை நகரத்தின் ஒரு பகுதியாக மாறியது. 2021இல் அந்த மொட்டைமாடி ஓட்டப்பாதையில் 40,000 செடிகளோடு ஒரு தோட்டமும் திறந்தது. மூடிய நாளுக்கும் திட்டம் தொடங்கிய நாளுக்கும் இடையில் நீருக்கு நேரம் கொடுக்கவில்லை என்பதே லிங்கோட்டோவின் வெற்றி. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. கடைகளுக்கு நடுவே நடக்கும்போது, இந்தத் தூணின் அருகே ஒருவர் என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்வதற்கு அநேகமாக எதுவும் இல்லை. கட்டடம் பிழைத்தது, உழைப்பின் தடம் மெலிந்துவிட்டது. பிக்கெட்டின் குழிந்த பலகை ஒன்று சொல்வதை லிங்கோட்டோவின் பளபளக்கும் தரை சொல்வதில்லை. இருந்தாலும், இடிந்த ஆலைக்கும் கடைவீதியான ஆலைக்கும் இடையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். கடையை நாளை மாற்றலாம்.

சட்டத்தை நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு சொல். அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஒரு கட்டடம் இடம்பெற்றுவிட்டால் அது காப்பாற்றப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். தனியார் உரிமையாளர் தன் பணத்தில் இடிக்க நினைத்தால் அந்தப் பதிவு மட்டும் தடுக்காது. அதன் உண்மையான பயன் வேறு. வருமானம் தரும் வகையில், வரலாற்றுத் தன்மை கெடாமல் புதுப்பிப்பவருக்குச் செலவில் 20 விழுக்காடு வரிச்சலுகையாகத் திரும்பக் கிடைக்கும். பிக்கெட் ஆலைக்கு அருகிலேயே, ஃபிஷர் பாடி 21 என்ற ஆறுமாடி ஆலை நெடுங்காலம் வெறும் கூடாக நின்றது. அதை 433 வாடகைக் குடியிருப்புகளாக மாற்றும் திட்டத்தை 2022இல் அறிவித்தார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் முதலில் அதன் கூரையைத்தான் பார்க்கிறேன்.

பேக்கார்ட் இடிபட்டுக்கொண்டிருந்த நாள்களில், 2023இன் வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு இரண்டு அடி உள்ளே உடைந்த உத்தரத் துண்டு ஒன்று கிடந்தது. பாடநூலில் படமாக மட்டுமே பார்த்திருந்த ஜூலியஸ் கானின் கம்பி, வளைந்த முட்களோடு அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. கட்டடம் நின்றவரை எவர் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே இருந்து பாரம் சுமந்த கம்பி அது. துண்டின் ஒரு முனையில் துரு ஊதி, கம்பி ஏடுஏடாகப் பிரிந்து, விரலால் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அதே துண்டின் மறுமுனையில், மூன்று முழம்கூட இருக்காது, காங்கிரீட் அப்போதுதான் உடைந்த இடத்தில், முட்கள் உருட்டாலையிலிருந்து வந்த நாளின் நீலக்கருமையோடு அப்படியே இருந்தன. ஒரு புள்ளி துருவும் இல்லை. அந்தப் பக்கம் நீர் வரவில்லை.